பெர்க்லி ஐ ஹவுஸ்: மூன்று செமஸ்டர் தங்கியவளின் மதிப்புரை

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளைகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தால், முதலில் விசாவைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு வங்கிக் கடன், விமான டிக்கெட், பெட்டியில் எத்தனை கிலோ என்று பேச்சு போகும். எல்லாம் முடிந்து வைக்கப்போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி வரும்: "அக்கா, அங்கே நம்மோடு சேர்ந்து பேசுவார்களா?" இந்த மதிப்புரையை அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குத் தென்கிழக்கு மூலையில், பேன்கிராஃப்ட் சாலையும் பீட்மான்ட் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், குவிமாடம் வைத்த ஸ்பானியப் பாணிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் இன்டர்நேஷனல் ஹவுஸ். ஊரில் எல்லோரும் ஐ ஹவுஸ் என்பார்கள். ஏறத்தாழ 600 மாணவர்கள் தங்கும் விடுதி. வெளிநாட்டவர் மட்டும் இல்லை, அமெரிக்க மாணவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து 2024 மே வரை, இடையில் ஒரு கோடை விடுமுறை நீங்கலாக, நான் அங்கே இருந்தேன்.

அதற்கு முந்தைய ஐந்து மாதங்களைச் சொல்லாமல் இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது.

2022 ஆகஸ்டில், கட்டமைப்புப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்காக விருதுநகரிலிருந்து போய் இறங்கினேன். வளாகத்துக்குத் தெற்கே ஒரு வீட்டின் நிலவறையில் வாடகைக்கு அறை. முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். கூடத்தில் ஒருவரும் இல்லை. வகுப்பு நேரமும் வந்தது, அப்போதும் இல்லை. தவறான அறைக்கு வந்துவிட்டேன் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, ஐந்தாறு பேர் சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். பெர்க்லியில் பத்து மணி வகுப்பு என்றால் பத்து பத்துக்குத்தான் தொடங்கும். அதற்குப் பெர்க்லி நேரம் என்றே பெயர். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சின்ன விஷயம்தான். ஆனால் இப்படி எனக்கு மட்டும் தெரியாதவை இன்னும் எத்தனை இருக்குமோ என்ற பயம் அன்று மாலை வந்து உட்கார்ந்தது, டிசம்பர் வரை எழுந்து போகவில்லை.

எதிரே வருகிறவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். நான் நின்று பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் பத்தடி தாண்டிப் போயிருப்பார். குழுவாக உட்கார்ந்தால் ஒரு நகைச்சுவையைப் புரிந்துகொண்டு நான் சிரிக்கத் தயாராகும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். மதியச் சாப்பாட்டை, கட்டடத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தயிர்சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது கதவைத் திறந்தால் மூடியைச் சட்டென்று மூடிவிடுவேன். அம்மாவிடம் தினமும் "நன்றாக இருக்கிறேன்" என்றேன். அம்மா ஒருநாள், "நீ பேசுகிற மாதிரியே இல்லையே, ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறதே" என்றார்.

2022 டிசம்பர் 31 அன்று சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முழுவதும் கொட்டித் தீர்த்த மழையில் என் நிலவறைக்குள் தண்ணீர் ஏறியது. புத்தகங்களைக் கட்டிலின் மேல் அடுக்கிவிட்டு, அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்து புத்தாண்டைப் பார்த்தேன். வீட்டுக்காரரோடு முன்பணத்துக்காக நடந்த இழுபறியை இங்கே எழுதிப் பயனில்லை. ஜனவரியில் ஐ ஹவுஸில் ஒரு பெண் பாதியில் காலி செய்த இடம், இருவர் அறையில் ஒரு கட்டில், எனக்குக் கிடைத்தது. கூரைக்காகத்தான் போனேன். வேறெதையும் எதிர்பார்க்கவில்லை.

இந்த வீட்டின் பிறப்புக்கதையைப் போன முதல் வாரத்திலேயே கேட்டேன். 1909-ஆம் ஆண்டு நியூயார்க். ஹாரி எட்மண்ட்ஸ் என்ற இளைஞர் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டில் ஒரு சீன மாணவரைக் கடந்து போகிறார். போகிற போக்கில் காலை வணக்கம் சொல்கிறார். அந்த மாணவர் நின்று நன்றி சொல்கிறார். நியூயார்க்குக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, என்னோடு பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்கிறார். எட்மண்ட்ஸால் அதை மறக்க முடியவில்லை. அவரும் மனைவியும் வெளிநாட்டு மாணவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு அழைத்து உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். வீடு போதாமல் போய், ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் பணத்தில் 1924-இல் நியூயார்க்கில் முதல் இன்டர்நேஷனல் ஹவுஸ் எழுந்தது. 1930-இல் பெர்க்லி. 1932-இல் சிகாகோ.

மூன்று வாரம் என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, படிக்கட்டுகூட மாறவில்லை என்று தோன்றியது.

பெர்க்லியில் இந்த வீட்டை எளிதில் கட்டவிடவில்லை. பீட்மான்ட் அவென்யூ அந்தக் காலத்தில் வெள்ளையர் மட்டும் சேரக்கூடிய மாணவர் சங்க வீடுகளின் தெரு. வெளிநாட்டவருக்கும் கறுப்பினத்தவருக்கும் அங்கே இடமில்லை. எட்மண்ட்ஸ் வேண்டுமென்றேதான் அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தார். எல்லா இனத்தவரும், அதிலும் ஆணும் பெண்ணும், ஒரே கூரையின் கீழ் தங்குவதா என்று கொதித்து 800 பேருக்கு மேல் திரண்ட எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று வீட்டுக்காக வாதாடியவர்களில் ஒருவர் டெலைலா பீஸ்லி என்ற கறுப்பினப் பத்திரிகையாளர். அந்தப் பெண் எழுந்து நின்ற துணிச்சலை நினைத்துப் பார்க்கிறேன். என் இருக்கை அவர் போன்றவர்கள் பிடித்து வைத்துவிட்டுப் போன இருக்கை.

இனி அறைக்கு வருகிறேன். இருவர் அறைகளில் முடிந்தவரை வெவ்வேறு நாட்டவரைச் சேர்த்துப் போடுகிறார்கள். எனக்கு வாய்த்தவள் பெய்ஜிங்கிலிருந்து வந்தவள், வேதியியல் படிப்பவள். கதவில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைப் பார்த்து என்னை "யாஜினி" என்று கூப்பிட்டாள். என் பெயர் யாழினி. ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் இசட், எச் என்ற இரண்டு எழுத்துகள் வரும். வகுப்பில் எல்லோரும் அதைப் பார்த்து "யாசினி" என்பார்கள், நானும் திருத்துவதை விட்டிருந்தேன். சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும்போது அதே இரண்டு எழுத்துகள் கிட்டத்தட்ட நம் ஜகரத்தைக் குறிக்கின்றன. அதனால் அவளுக்கு நான் யாஜினி.

"நீ எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டாள். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். என் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு, "அட, இது எங்கள் மொழியில் மனிதன் என்ற சொல்லின் முதல் ஒலி அல்லவா" என்று தன் மொழியில் அந்தச் சொல்லைச் சொன்னாள். நாக்கை மடித்து, மேலே தொடாமல், அப்படியே நம் ழகரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அடுத்த நொடி "யாழினி" என்றாள். சென்னையில் என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் "யாளினி" என்றுதான் கூப்பிட்டார்கள். பெய்ஜிங்கில் பிறந்த ஒருத்தி முதல் நாளிலேயே ழகரத்தைச் சரியாகச் சொன்னாள். அன்றிலிருந்து வகுப்பிலும் என் பெயரைத் திருத்திச் சொல்லத் தொடங்கினேன்.

இன்னொரு நாள் அவளை முதன்மை நூலகத்தின் நிலத்தடி அடுக்குகளுக்கு அழைத்துப் போனேன். பிஎல் 4758 என்று தொடங்கும் அலமாரிகள் தமிழ் இலக்கியத்துக்கு உரியவை. பெர்க்லியில் தமிழுக்கு ஓர் இருக்கை இருக்கிறது, 1990-களில் வளைகுடாப் பகுதித் தமிழர்கள் முன்னின்று நிதி திரட்டி அமைத்தது. ஜார்ஜ் ஹார்ட் அதில் பேராசிரியராக இருந்தபோதுதான் தமிழ் செம்மொழியே என்று 2000-இல் அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். அந்த ஊரில் தமிழ் நூல்கள் இவ்வளவு இருப்பதில் வியப்பில்லை. ஒரு நூலின் முதுகில் இருந்த ழவைக் காட்டினேன். அவள் விரலால் அதன் சுழியைத் தடவிப் பார்த்தாள். அந்த இடத்தைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

சாப்பாட்டு அறையில்தான் இந்த வீட்டின் உயிர் இருக்கிறது. அறைக்கட்டணத்திலேயே சாப்பாடும் அடங்கிவிடுவதால் எல்லோரும் அங்கேதான் வந்தாக வேண்டும். பெரிய மேசைகள். தனியாகச் சாப்பிட நினைத்தாலும் பக்கத்தில் யாராவது தட்டை வைத்துவிட்டு, "இங்கே உட்காரலாமா?" என்பார்கள். கேள்விகளும் வேறு மாதிரி. எந்த ஊர், அங்கே இப்போது என்ன பருவம், உன் அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். ஏன் காத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்களில் பலரும் யாரும் நிற்காத தாழ்வாரத்தில் நின்று பதில் சொன்னவர்கள்.

ஒருநாள் சோறும் பருப்பும் இருந்தது. ஐந்து மாதமாகக் கரண்டியால் சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிறு நிறைந்தாலும் சாப்பிட்ட நிறைவே இல்லாமல் இருந்தேன். அன்று கையைக் கழுவிவிட்டு வந்து பிசைந்தேன். எதிரே இருந்தவர் எத்தியோப்பியாவிலிருந்து வந்த பொது சுகாதாரத் துறை மாணவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கையால் சாப்பிடத் தொடங்கினார். பிறகு பேச்சு வந்தது. அவர்கள் ஊரில் அன்பானவர்களுக்கு ஒரு கவளத்தைச் சுருட்டித் தன் கையாலேயே வாயில் ஊட்டுவார்களாம், அதற்கு குர்ஷா என்று பெயராம். நான் என் அப்பத்தா மொட்டைமாடியில் எங்கள் ஏழு பேரை வட்டமாக உட்காரவைத்து, பழைய குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை ஆளுக்கொரு உருண்டையாக உள்ளங்கையில் வைப்பதைச் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொள்ள நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி பறிப்பார் என்று கையால் செய்து காட்டினேன். மேசையில் இருந்த ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்த பிறகுதான், ஆங்கிலத்தில் பத்து நிமிடம் தொடர்ச்சியாகப் பேசியிருக்கிறேன் என்று உணர்ந்தேன். மாடிப்படிக்கு நான் அதன்பின் போகவில்லை.

வாரம் ஒரு நாள் இரவில் காபி நேரம் உண்டு. செமஸ்டருக்கு ஓரிரு முறை ஞாயிறு விருந்து. எட்மண்ட்ஸ் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் தொடர்ச்சி அது. பாட்டும் நடனமும் பேச்சும் இருக்கும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அவற்றைவிடச் செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடு பெரிது.

அமெரிக்க மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அவர்களுக்குத்தான் அதிகம் அஞ்சினேன். எங்கள் மாடியில் ஃப்ரெஸ்னோ பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம், அவர்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். ஒரு நாள் இரவு துணி துவைக்கும் அறையில் இயந்திரம் நிற்கக் காத்திருந்தபோது, இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை என்றான். கேட்ட எனக்கு மேனி சிலிர்த்தது. எனக்குள் ஐந்து மாதம் ஓடிய வாக்கியம் அது, அவன் வாயிலிருந்து அப்படியே வருகிறது. பெர்க்லி நேரம் என்று ஒன்று இருப்பது அவனுக்கும் முதல் வாரத்தில் தெரியாதாம்.

2023 அக்டோபரில் அவன்தான் எங்களைக் கால்பந்து ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களே, அது. ஐ ஹவுஸுக்குப் பக்கத்திலேயே மைதானம். பெர்க்லி ஒவ்வொரு முறை புள்ளி எடுக்கும்போதும் மேலே குன்றிலிருந்து பீரங்கி வெடிக்கும், முந்தைய ஆண்டு அந்தச் சத்தத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவள் நான். அன்று எதிரணி தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நம் அணி, சமன் செய்தால் போதும் என்று நினைக்காமல், வெற்றிக்கே துணிந்து இரண்டு புள்ளிக்கு முயன்றது. கிடைக்கவில்லை. 50-க்கு 49. "நம் அணி" என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். அன்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை, பெய்ஜிங்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அந்த மைதானம் எங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு பாடப்புத்தகம். 1923-இல் கட்டியது, நேராக ஹேவர்ட் நிலப்பிளவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1868-இல் பெரும் நிலநடுக்கத்தைத் தந்த பிளவு. இப்போதும் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2012-இல் முடிந்த சீரமைப்பில், பிளவுக்கு மேலே வரும் பகுதிகளை மற்ற கட்டடத்திலிருந்து பிரித்து, நிலம் நழுவினால் தனியாக அசைந்துகொடுக்கும் துண்டுகளாக மாற்றிக் கட்டினார்கள். ஆட்டத்துக்கு அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் இதை நான் சொல்லப்போக, காட்டு காட்டு என்று எட்டுப் பேர் கிளம்பிவிட்டார்கள். சுவரில் இரண்டு பகுதிகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியைக் காட்டினேன். உள்ளங்கையை அதன் இரு பக்கமும் வைத்து, எந்தத் திசையில் எது நகரும் என்று விளக்கினேன். கேள்வி மேல் கேள்வி. அரைமணி நேரத்துக்கு மேல் நான்தான் பேசினேன், மற்றவர்கள் கேட்டார்கள். எத்தியோப்பிய நண்பர் தன் கையையும் அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தார்.

சரி, போக நினைப்பவர்களுக்கு.

பணம் முதலில். மூன்று நான்கு பேர் சேர்ந்து அபார்ட்மென்ட் எடுத்து, சமைத்துச் சாப்பிட்டால் இதைவிடக் குறைவாகவே ஆகும். கடன் வாங்கிப் படிக்க வருகிறவர்கள் இதை நன்றாகக் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். எனக்கு ஆராய்ச்சி உதவித்தொகை இருந்ததால் தாக்குப்பிடித்தேன், அப்படியும் முதல் செமஸ்டர் இறுக்கமாகத்தான் இருந்தது. விடுதிக்கென்று சில நிதியுதவிகள் இருக்கின்றன, விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். முழு ஆண்டுக்கும் முடியாதென்றால் ஒரு செமஸ்டராவது இருந்துவிட்டு அபார்ட்மென்டுக்குப் போங்கள். அந்த ஒரு செமஸ்டரை முதல் செமஸ்டராக வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததைப் போல நிலவறையில் தொடங்காதீர்கள்.

அறைகள் சிறியவை, குளியலறை பொது. தன் கையால் சமைத்துச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்ற இடமில்லை. சாம்பாரை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. யூனிவர்சிட்டி அவென்யூவில் இந்தியக் கடைகள் உண்டு, 51பி பஸ் போகும், மாணவர்களுக்குத் தரும் கிளிப்பர் பயண அட்டை இருந்தால் டிக்கெட் வேண்டாம். நான் பருப்புப்பொடியும் ஒரு சிறு புட்டி நல்லெண்ணெயும் எப்போதும் வைத்திருப்பேன். அதைக் கேட்டு எங்கள் மாடியில் ஆள் வந்தது தனிக்கதை.

இருவர் அறையையே கேளுங்கள். தனியறையின் அமைதி எனக்குத் தெரியும், அந்த அமைதியில் ஐந்து மாதம் இருந்திருக்கிறேன். மேல்மாடிகளில் மேற்குப் பக்கம் கிடைத்தால் மாலையில் வளைகுடாவும் கோல்டன் கேட் பாலமும் தெரியும். அங்கிருந்து எங்கள் துறை இருக்கும் டேவிஸ் கட்டடத்துக்கு, மைதானத்தையும் கிரேக்க அரங்கத்தையும் தாண்டி நடந்தால் கால்மணி நேரம்தான்.

முதல் நாள் தட்டை எடுத்துக்கொண்டு நிற்கும்போது, காலியாக ஒரு மேசை ஓரத்தில் கண்ணில் படும். அங்கே போகாதீர்கள். ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் போய், உட்காரலாமா என்று கேளுங்கள். நகர்ந்து இடம் விடுவார்கள்.